ஒரு ஃபேன் வீட்டிடம் எதைக் குறைக்கச் சொல்வது?

கேள்வி:

வடசென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் தையல் வேலை செய்கிறேன். கணவர் சவுகார்பேட்டையில் மூட்டை தூக்குகிறார். இரண்டு பிள்ளைகள். மகளிர் குழுவில் பொறுப்பில் இருப்பதால் எங்கள் வார்டு ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 2050க்குள் சென்னையைக் கார்பன் இல்லாத நகரமாக்கப் போகிறார்கள், மக்கள் எல்லாரும் மின்சாரத்தையும் பெட்ரோலையும் குறைக்க வேண்டும் என்று பேசினார்கள். எங்கள் வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு டிவி, தையல் மிஷின் மோட்டார், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஓடினால் அதிகம். அதற்கும் ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கிக்கொள்கிறார். வண்டி கிடையாது. நாங்கள் எதைக் குறைப்பது? இன்னொன்று, வெள்ள அபாயம் என்று சொல்லிக் கால்வாய் ஓரத்து வீடுகளைக் காலி செய்து பெரும்பாக்கம் பக்கம் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அதுவும் இந்தத் திட்டத்தில்தான் வருகிறதா? அடுத்த கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்கலாம்?

- வாசகி ஒருவர், சென்னை

பதில்:



உங்கள் வீட்டில் குறைக்க ஒன்றுமில்லை. சொல்லப்போனால் உங்கள் வீட்டு மின் பயன்பாடு இன்னும் கூட வேண்டும். மீந்த குழம்பு கெடாமல் இருக்க ஒரு ஃப்ரிட்ஜ், பிள்ளைகள் படுக்கிற இடத்தில் இன்னொரு ஃபேன், நீங்கள் தைக்கிற இடத்தில் நல்ல வெளிச்சம் எல்லாம் வேண்டும். அதற்கு இடம் விட்டுவிட்டு, மற்ற இடங்களில் குறைப்பதுதான் ஒரு நகரத்தின் நியாயமான காலநிலைத் திட்டம். கூட்டத்தில் "மக்கள் எல்லாரும்" என்று சொன்னார்களே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நம் நாட்டு மின்தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்றால் ஆண்டுக்கு 600 யூனிட், 420 கிலோ. ஒரு கேஸ் சிலிண்டரில் உள்ள 14.2 கிலோ எரிந்தால் ஏறக்குறைய 42 கிலோ. ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்று வைத்தால் 340 கிலோ. இரண்டும் சேர்த்து 760 கிலோ. நாலு பேர் குடும்பம், ஆளுக்கு 190 கிலோ. பஸ் பயணத்தைச் சேர்த்தாலும் பெரிதாகக் கூடாது.

இன்னொரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் நாலு பேர். மூன்று ஏ.சி., கீஸர், இரண்டு மாதத்துக்கு 1,500 யூனிட். மின்சாரம் மட்டும் ஆண்டுக்கு 6,300 கிலோ. இரண்டு கார், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோல் புகை மட்டும் 3,680 கிலோ. கேஸையும் சேர்த்தால் 10 டன்னைத் தாண்டுகிறது. ஆளுக்கு இரண்டரை டன்னுக்கு மேல். உங்கள் வீட்டைப்போல 13 மடங்கு. இவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை விமானத்தில் போனால் அது இதில் வராது. நகர எல்லைக்குள் வெளியாகும் புகையையும், நகரம் வாங்கும் மின்சாரத்தையும் வைத்துப் போடப்படும் கணக்குகளில் விமானப் பயணம் பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

இப்போது திட்டத்துக்கு வருவோம். சென்னைக் காலநிலைச் செயல்திட்டத்தைப் பெருநகர சென்னை மாநகராட்சி 2023 ஜூனில் வெளியிட்டது. சி-40 என்ற உலகப் பெருநகரங்களின் கூட்டமைப்பு இதற்குத் துணைநின்றது. 2022 செப்டம்பரில் வரைவு வந்தபோது முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. பலர் கேள்வி எழுப்பிய பிறகுதான் தமிழில் வந்தது. மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்த் தட்டுப்பாடும், எளிதில் பாதிக்கப்படும் மக்களும் அவர்களின் உடல்நலமும் என்று ஆறு துறைகளை அது பேசுகிறது. 2050க்குள் கார்பன் சமநிலை என்பது இலக்கு. அதாவது வெளிவிடும் அளவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டுவது.

அதன் கணக்குப்படி 2018-19இல் சென்னை வெளிவிட்டது 1 கோடியே 43 லட்சம் டன்னுக்கு மேல். ஆளுக்கு 1.9 டன். இது உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. "அப்புறம் நாம் ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 1.9 என்ற எண்ணுக்குள்தான் உங்கள் 190 கிலோவும் இரண்டு கார் வீட்டின் இரண்டரை டன்னும் அடக்கம். தொழிற்சாலைகளும் கண்ணாடிக் கட்டட அலுவலகங்களும் மால்களும் அதே எண்ணுக்குள் வருகின்றன. சராசரியை வைத்துத் திட்டம் போட்டால், பெரிதாக எரிப்பவர் உங்கள் பின்னால் மறைந்துகொள்ள முடியும். ஆகவே நான் முதலில் எதிர்பார்ப்பது வார்டுவாரியான கணக்கு. எந்த வார்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது மின்வாரியத்திடம் இருக்கிறது. எந்த வார்டில் எத்தனை கார் என்பது போக்குவரத்துத் துறையிடம் இருக்கிறது. சென்னையின் 200 வார்டுகளுக்கும் இதைப் போட்டு, அதன் பக்கத்திலேயே வெள்ளம், வெப்பம், கடல்மட்ட உயர்வு எந்த வார்டைத் தாக்கும் என்ற வரைபடத்தை வைத்துப் பார்த்தால், யார் எரிக்கிறார்கள், யார் வேகிறார்கள் என்பது ஒரே பக்கத்தில் தெரியும். திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நகரத்தின் மொத்த உமிழ்வில் 71 சதவீதம் கட்டடங்களும் தொழிற்கூடங்களும் பயன்படுத்தும் ஆற்றலிலிருந்து வருகிறது, பெரும்பாலும் மின்சாரம். போக்குவரத்து 16 சதவீதம், குப்பையும் கழிவுநீரும் 13 சதவீதம். ஆகவே முதல் வேலை வீட்டு லைட்டை அணைக்கச் சொல்வதில் இல்லை. புதிதாக எழும்பும் பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் மேசையில் இருக்கிறது. மேற்கு வெயில் முழுக்க விழும்படி கண்ணாடிச் சுவர் வைத்து ஓர் அலுவலகம் கட்ட இன்று அனுமதி கொடுத்தால், ஐம்பது ஆண்டுக்கு அந்தக் கட்டடம் குளிரூட்டியை ஓட்டிக்கொண்டுதான் இருக்கும். நிழல், காற்றோட்டம், மாடியில் சூரியத் தகடு ஆகியவற்றைக் கட்டாயமாக்குவது மாநகராட்சியும் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் செய்யக்கூடிய காரியம். ஏழைகள் மேல் ஒரு பைசா சுமை ஏறாமல் நடக்கக்கூடியது.

சூரிய மின்சாரம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2024இல் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அதை வாங்க உங்கள் பேரில் மொட்டைமாடியும் மீட்டரும் வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கும் ஷீட் வீட்டுக்காரருக்கும் அது எட்டாது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்களைப் போன்ற வாடகைதாரருக்கோ உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வசூல்; இலவசம் ஓனரோடு நின்றுவிடுகிறது. அரசுப் பணம் வருகிறது, உங்கள் வாசலுக்கு வரவில்லை. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. டெல்லியில் ஓரிடத்துச் சூரியத் தகட்டில் கிடைக்கும் மின்சாரத்தை வேறு பல வீடுகளின் பில்லில் கழித்துக்கொள்ள 2019இலேயே விதிமுறை போட்டார்கள். மாநகராட்சிப் பள்ளி, சமுதாயக் கூடம், ரேஷன் கடை ஆகியவற்றின் மாடியில் தகடு போட்டு, பக்கத்துத் தெருக்களின் பில்லில் அதைக் கழிப்பது நியாயமான திட்டத்தில் முதல் பக்கத்தில் வர வேண்டிய வேலை. வாடகைதாரருக்குத் தனி மீட்டர் கிடைக்கச் செய்வதும் அப்படித்தான். இதைக் காலநிலை வேலை என்று யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுவேன்.

உமிழ்வு நகரம் முழுவதற்கும் ஒரே எண். அதன் மின்சாரத்துக்காக எரியும் நிலக்கரியின் சாம்பல் விழுகிற இடம் மட்டும் தனி. வடசென்னை அனல்மின் நிலையத்தில் 630, 1,200 மெகாவாட் என்று இரண்டு கட்டங்கள் ஏற்கெனவே ஓட, 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் மூன்றாவது கட்டம் திறந்தார்கள். பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். இவற்றின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் உப்பங்கழியிலும் படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்களின் தொழிலைக் கெடுத்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதும் அதே மக்கள் தலையில்தான் விழுந்தது. அத்திப்பட்டும் வல்லூரும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால், சென்னையின் திட்டத்தில் அவர்கள் 'சென்னை மக்கள்' ஆக வருவதில்லை. இரவு பத்து மணிக்கு நகரமெங்கும் ஏ.சி. ஓடுகிறது, சாம்பல் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுகிறது. எந்த நகரமும் தன் மின்சாரத்துக்கான நிலக்கரி எங்கே எரிகிறதோ அந்த ஊரையும் தன் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலக்கரி நிலையங்கள் ஒருநாள் மூடப்படும்போது அங்கே ஒப்பந்தக் கூலியாக இருப்பவர்களுக்கு மாற்று வேலை என்ன என்பதும் அதே திட்டத்தில் எழுதப்பட வேண்டும். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. இனி மூடப்போவதற்காவது முன்கூட்டியே யோசிக்கலாம்.

அடுத்து வெப்பம். கடற்கரை ஊர்களில் வெயில் 37 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. அந்த அளவு எடுக்கப்படுவது திறந்தவெளியில், நிழலில். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே மிஷினில் தைக்கிற உங்களுக்கு அந்த எண் எந்த விதத்திலும் பொருந்தாது. சென்னையின் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை. ராத்திரியிலும் ஷீட் வீடு ஆறுவதில்லை. உடம்புக்குத் தூக்கமும் ஓய்வும் கிடைக்காமல் அடுத்த நாள் மறுபடி வேலை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அது இறந்த பிறகு வரும் பணம். அகமதாபாத் நகரம் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோரைக் கூடுதலாகப் பறிகொடுத்தது. அதன் பிறகு 2013இல் இந்தியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைகளுக்குத் தயார்நிலை, தண்ணீர்ப் பந்தல், பின்னர் குடிசைப் பகுதிகளில் கூரைக்கு வெள்ளைப் பூச்சு. இந்தப் பூச்சு வீட்டுக்குள் சில டிகிரி வெப்பத்தைக் குறைக்கும். விலையுயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒரு வார்டில் உள்ள ஷீட் வீடுகள் அத்தனைக்கும் வெயில் காலத்துக்கு முன் மாநகராட்சியே அடித்துக்கொடுக்கலாம். ஏ.சி. வாங்கவே முடியாத வீட்டில் உமிழ்வைக் குறைக்கும் பேச்சுக்கு இடமில்லை. ஆளைக் காப்பாற்றும் பேச்சுக்குத்தான் இடம்.

இனி உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். வெள்ள அபாயப் பகுதியில் வசிப்பவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது காலநிலைத் திட்டங்களில் பொதுவாக வருகிற ஒன்றுதான். அந்த வரி உங்களைப் பாதுகாக்கவும் செய்யலாம், ஒழித்துக்கட்டவும் செய்யலாம். எங்கே மாற்றுகிறார்கள், யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சென்னையில் இதுவரை நடந்ததைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் போயின. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது வேகமெடுத்தது. போய்ச் சேர்ந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, தண்ணீர் தேங்கும் இன்னோர் இடத்தில் இறக்கிவிட்டார்கள். வேலை போனது, பள்ளி மாறியது, பெண்கள் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தெருக்கள் எட்டாத தூரமாயின.

கார்பன் கணக்கிலும் இது நஷ்டம். உங்கள் கணவர் இன்று சவுகார்பேட்டைக்கு நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்விடுகிறார். பெரும்பாக்கத்திலிருந்து அது போகவர 50 கிலோமீட்டர். அவ்வளவு காலையில் பஸ் கிடைக்காது என்று கடனில் ஒரு டூவீலர் வாங்குவார். நாளுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், ஆண்டுக்கு 280 நாள் என்று வைத்தால் 640 கிலோ கரியமில வாயு. உங்கள் வீட்டின் மொத்த ஆண்டு மின்சாரத்தைவிட அது ஒன்றரை மடங்கு. பெட்ரோல் காசு தனி. புது அடுக்குமாடிக்கான சிமென்ட், கம்பியின் உமிழ்வு தனி. இதில் இன்னொன்றும் உண்டு. பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வராத ஊராட்சி. அங்கே போன குடும்பம் மாநகராட்சியின் உமிழ்வுக் கணக்கிலிருந்தும் அபாயப் பட்டியலிலிருந்தும் சேர்ந்தே மறைந்துபோகும். நகரம் பாதுகாப்பாகிவிட்டதுபோலத் தாளில் தெரியும்.

கால்வாயில் தண்ணீர் போக இடம் இல்லாமல் போனதற்குக் குடிசைகள் மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால், பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கிக் கட்டப்பட்ட பறக்கும் ரயில் பாதையைக் காட்டுங்கள். அது அரசே கட்டியது.

அதற்காகக் கரையின் விளிம்பில், வெள்ளம் முதலில் ஏறும் இடத்திலேயே இருந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளோடு ஓர் இரவில் கழுத்தளவு தண்ணீரில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. வருகிற ஆண்டுகளில் அது கூடும். உங்கள் கோரிக்கை இப்படி இருக்கட்டும்: மாறத்தான் வேண்டும் என்றால் நடந்து போகிற தூரத்தில், அல்லது ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிற தூரத்தில் வீடு வேண்டும், அந்த வீடு முடிந்த பிறகுதான் இந்த வீட்டில் கை வைக்க வேண்டும், பள்ளி ஆண்டின் நடுவில் கூடாது, வாடகைக்கு இருப்பவர்களையும் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், உங்களுக்கு அதுதான் உயிர். இடமில்லை என்பார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமே பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்துகொண்டிருக்கிறது. நகரத்துக்குள் அரசு நிலமும் இருக்கிறது. நகரத்துக்குள் ஏழைகளுக்கு வீடு என்பது சமூக நலத் திட்டம் மட்டுமில்லை. பயணத் தூரத்தையே வெட்டுவதால் அது நல்ல உமிழ்வுக் குறைப்பும்கூட.

போக்குவரத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல காரியத்தை ஏற்கெனவே செய்திருக்கிறது. 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. பெண்களைப் பஸ்ஸிலேயே வைத்திருக்கிற, கையில் காசும் மிச்சமாக்குகிற இதைவிட நியாயமான காலநிலைத் திட்டம் நம் கண்முன் வேறில்லை. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் கிளம்பின. உங்கள் பக்கத்திலிருந்தே கிளம்பியது மகிழ்ச்சி. புது பஸ் வருகிற வழித்தடத்தில் பெண்கள் இலவசமாக ஏறும் பழைய ஒயிட் போர்டு பஸ் குறைகிறதா, இலவசப் பயணம் அதே எண்ணிக்கையில் தொடர்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள். கார் நிறுத்தக் கட்டணத்தை உயர்த்துவதும், பெரிய சாலைகளில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை விடுவதும் அடுத்த படிகள். மெட்ரோ ரயிலுக்குப் பல்லாயிரம் கோடி செலவாகிறது, அது வேண்டியதுதான். ஆனால் மூட்டை தூக்குகிறவரும் பூ விற்கிறவரும் ஏறுவது பஸ்ஸில். பஸ் எண்ணிக்கையைக் கூட்டுவது முதலில் நடக்க வேண்டும்.

குப்பை பற்றிச் சுருக்கமாக. நகரில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் சேர்கிறது. மேட்டில் கொட்டிய ஈரக் குப்பை காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 28 மடங்கு சூடேற்றும். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் சொல்வதை நான் ஆதரிக்கிறேன். பாதிக்கு மேல் ஈரமாக இருக்கும் குப்பையை எரிப்பதில் மின்சாரமும் குறைவு. அதன் புகை போவதோ ஏற்கெனவே மணலி, எண்ணூர் புகையைச் சுவாசிக்கிறவர்களுக்கு. வார்டுக்குள்ளேயே ஈரக்குப்பையைப் பிரித்து உரமாகவோ எரிவாயுவாகவோ ஆக்குவது நல்ல வழி. புனேயில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே உறுப்பினர்களாக உள்ள 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. சென்னையில் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியதை நினைத்துப்பார்த்தால், அந்த வேலையைச் செய்கிறவரின் சம்பளமும் பாதுகாப்பும் காலநிலைத் திட்டத்துக்குள் ஏன் வர வேண்டும் என்பது விளங்கும்.

பணம் யார் தருவது? எரிப்பவர் தர வேண்டும். இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2022இல் சொத்துவரியை உயர்த்தியபோது சிறிய வீட்டுக்குக் குறைந்த சதவீதமும் பெரிய வீட்டுக்குக் கூடிய சதவீதமும் வைத்தார்கள். அதே முறையில் பெரிய வணிகக் கட்டடங்களுக்கும் மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும் வீடுகளுக்கும் ஒரு சிறு கூடுதல் தொகை வைத்து, அதை அபாயம் மிகுந்த வார்டுகளின் கூரைக்கும் வடிகாலுக்கும் மரத்துக்கும் மட்டுமே செலவிடலாம். ஆஸ்லோ நகரம் 2017 முதல் தன் பட்ஜெட்டோடு காலநிலை பட்ஜெட் ஒன்றையும் போடுகிறது; எந்தச் செலவு எவ்வளவு உமிழ்வைக் குறைக்கும் என்று அதில் வரும். மும்பை மாநகராட்சி 2024இல் அதைத் தொடங்கியது. நான் திட்ட அறிக்கையைவிட பட்ஜெட்டைத்தான் முதலில் புரட்டுவேன். அறிக்கையில் எளியவர்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவது சுலபம். பணம் எந்த வார்டுக்குப் போனது என்பதுதான் நகரத்தின் மனசைக் காட்டும்.

இனி உங்கள் கூட்டம். நகர்ப்புறத்தில் ஏரியா சபை 2022 நவம்பரில்தான் தமிழ்நாட்டில் நடக்கத் தொடங்கியது. கிராமசபைக்கு இருக்கும் பழக்கம் அதற்கு இன்னும் வரவில்லை. பேசினால் தீர்மானமாக எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய கேட்காதீர்கள், மூன்று போதும். எங்கள் வார்டில் ஷீட் வீடுகள் எத்தனை, அடுத்த வெயிலுக்குள் எத்தனை கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பீர்கள்? கால்வாய் ஓர வீடுகள் பற்றி முடிவு எடுக்கப்பட்டிருக்கிறதா, மாற்று இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், வாடகைதாரர் பெயர் பட்டியலில் உண்டா? காலநிலைச் செயல்திட்டத்தின்கீழ் இந்த நிதியாண்டில் எங்கள் வார்டுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு? வாடகை வீடுகளுக்குத் தனி மீட்டர் வேண்டும் என்பதையும், மாநகராட்சிக் கட்டட மாடிகளில் சூரியத் தகடு போட்டுத் தெரு மக்களின் பில்லில் கழிக்க வேண்டும் என்பதையும் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள். மகளிர் குழுவிலிருந்து இருபது பேர் சேர்ந்து போங்கள்.

அங்கே பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்பதற்குச் சான்று இருந்தால் அதுவும் வேண்டாம். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். வெள்ளைப் பூச்சு பற்றிய கேள்வியை மட்டும் ஜனவரிக்குள் அனுப்பிவிடுங்கள். ஏப்ரலில் அனுப்பினால் அந்த ஆண்டு வெயில் போய்விடும்.